கிணற்றடியிலும் பாடம் நடத்தலாமே

ஆசிரியருக்கு,

தரம் ஏழில் படிக்கும் என் பேரன் அமேசன் காட்டைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கி வந்தான். சந்தோஷம்தான். சரி, எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மோட்டரிலிருந்து" என்றான்!

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தேங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் வெங்காயத்தோடு நின்றுவிடுவதில்லை. மிஞ்சியது நைத்திரேற்றாக அதே கிணற்றுக்குத்தான் வந்து சேருகிறது. இதைக் கரும்பலகையில் எழுதுவதைவிட, பிள்ளைகளை நிலாவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் ஏது? மாரியில் வழுக்கையாறு ஓடும்போது அராலிப் பக்கமும் ஒரு நடை போகலாம்.

பாடசாலைச் சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா என்றுதான் பஸ் பிடிக்கிறார்கள். தை மாதத்தில் ஒருமுறை சுண்டிக்குளத்துக்கும் விடுங்கள். வலசை வரும் பறவைகள் அங்கே நிற்கும்; செலவும் குறைவு.

ஒரு பேரனின் அப்பப்பா,
கோண்டாவில்.