டென்னசி மலையில் ஒரு ஜாடி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். அதற்காகக் கடற்கரைச் சாலையில் ஓட ஆரம்பித்துவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் போய்வருகிறாள்.

சரி, நீ அனுப்பிய கவிதைக்கு வருகிறேன். அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் 1919இல் வெளியிட்ட "Anecdote of the Jar", மொத்தமே 12 வரி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு குன்றின்மேல், "நான்" என்று பேசும் ஒருவன் ஜாடியை வைக்கிறான். சுற்றியிருந்த காடு அதை நோக்கி எழுந்து வந்து, முரட்டுத்தனம் அடங்கிப் படுத்துக்கொள்கிறது. எங்கும் ஜாடியின் ஆட்சி. தாறுமாறாகக் கிடந்த இயற்கைக்குக் கலை ஒழுங்கு கொடுத்தது என்கிறாய். பலரும் சொல்வதுதான், பாதிவரை எனக்கும் சம்மதம். ஆனால் கடைசி வரிகளை ஏன் தாண்டிப் போனாய்? ஜாடி சாம்பல் நிறம், வெறுமை. பறவையோ புதரோ அதிலிருந்து வராது என்கிறார். புகழ வந்தவர் இப்படியா முடிப்பார்? உள்ளே என்ன இருந்தது என்றும் ஒரு வார்த்தை இல்லை. என் அம்மா இருந்திருந்தால் முதல் கேள்வியே "எலுமிச்சையா, நார்த்தங்காயா?" என்றுதான் இருந்திருக்கும்.

எனக்கு ஞாபகம் வந்தது நம் தேவனாம்பட்டினம் கோட்டை. 1690இல் மராட்டியரிடமிருந்து அதை வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் தங்களுக்கே என்று பேசி வாங்கினார்கள். அப்படிச் சிக்கியவைதான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. வயலும் கழியும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனாலும் ஒரே நாளில் எல்லாம் கோட்டைக்குச் சுற்றுப்புறம் ஆகிவிட்டன.

ஸ்டீவன்ஸ் இதையா நினைத்தார் என்று சண்டைக்கு வராதே. ஹார்ட்ஃபோர்டில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலாக இருந்தவருக்குக் கடலூர் எங்கே தெரியும்? நான் சொல்வது ஒன்றே ஒன்று. ஜாடியை வைத்த அந்த "நான்" முதல் வரியோடு காணாமல் போகிறான். அப்புறம் நடப்பதெல்லாம் ஜாடி செய்ததுபோலவே சொல்லப்படுகிறது; காடுகூடத் தானாக வந்து பணிந்த மாதிரி. வைத்தவனை மறைத்துவிட்டால் எந்த ஆட்சியும் இயற்கையாகத்தான் தெரியும். நீ சொல்லும் ஒழுங்கை நான் சந்தேகப்படுவது இதனால்தான். கவிதை அவனைக் கண்டிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். லேசாகச் சிரிக்கிறது என்றே படுகிறது.

அடுத்த மாதம் வருகிறாயா இல்லையா? கோட்டைப் பக்கம் போய்வரலாம். அதற்குள் பதில் எழுது, உன் கட்சியை லேசில் விட்டுக்கொடுக்காமல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்