கரை உள்ள ஓட்டமும் கரையில்லா ஓட்டமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆற்றுச் சுழலில் சிக்குவதும் கருந்துளைக்குள் விழுவதும் ஒன்றுதானா என்று உன் மகள் கேட்டாளாமே, அருமையான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆறு, இது உயிர்ப் பிரச்சினை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் எதிர்நீச்சல் போட்டுத்தான் களைத்து மூழ்குகிறார்கள். நொடிக்கு 2 மீட்டர் ஓடும் தண்ணீரில் நொடிக்கு 1 மீட்டர் நீந்துபவர் என்ன முயன்றாலும் பின்னோக்கித்தான் போவார். அவரே கரையைப் பார்த்துக் குறுக்கே நீந்தினால் 30 மீட்டரை 30 நொடியில் கடந்துவிடலாம். அதற்குள் 60 மீட்டர் கீழே இழுத்துப் போயிருக்கும், போகட்டும். ஆறு வளையும் இடத்தில் உட்பக்கக் கரையைக் குறிவைக்க வேண்டும். அங்கே ஓட்டம் தணிந்திருக்கும். வெளிப்பக்கம் வேகமும் அதிகம், கரையடியில் அரிப்பும் இருக்கும்.

பாறைகள் நிறைந்த இடமென்றால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீரே ஆளை முன்னால் சாய்த்து அழுத்திவிடும். வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். விழுந்த மரம் எதிர்ப்பட்டு விலக வழியில்லையென்றால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னாக வேகமாக நீந்தி அதன்மேல் ஏறிவிட வேண்டும். கால் முன்னே போனால் கிளைகளுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும்.

எனக்கு அதிகம் பயம் தருவது தடுப்பணைதான். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் விழும் நீர் அடிவரை போய்ச் சுருண்டு, மேல்மட்டத்தில் அணையை நோக்கியே திரும்பும். நுரை கலந்த அந்த நீர் ஆளைச் சரியாகத் தாங்காது. வெளியே போகும் ஓட்டம் அடியில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துத் தப்புவதும் நிச்சயமில்லை, ஆகவே அதன் பக்கமே போகக் கூடாது.

இப்போது கருந்துளை. 1921இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெயின்லெவேயும் 1922இல் சுவீடன் அறிவியலாளர் குல்ஸ்ட்ராண்டும் தந்த கணிதத்தின்படி, விண்வெளியே ஆறுபோல மையத்தை நோக்கிப் பாய்வதாகக் கொள்ளலாம். தாண்டினால் ஒளிகூடத் திரும்ப முடியாத இடத்தை நிகழ்வு எல்லை என்பார்கள். அங்கே அந்தப் பாய்ச்சல் ஒளியின் வேகத்தை எட்டிவிடும். எல்லைக்கு வெளியே இருக்கும்வரை ஆற்றில் உதவிய உபாயமே உதவும். போதிய பக்கவாட்டு வேகம் இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கலாம். சுழற்சியற்ற கருந்துளையில் எல்லை ஆரத்தின் 3 மடங்குக்கு அப்பால் அந்தச் சுற்றுப்பாதை நிலையாக இருக்கும். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை வந்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும்.

எல்லைக்குள் போனால் கரை என்று ஒரு திசையே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மையம் நாளைய பொழுதைப் போல எதிர்காலத்தில் நிற்கும். நம் பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளை ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறை கொண்டது. அதன் எல்லையைத் தாண்டியவர் ராக்கெட்டை எப்படி இயக்கினாலும் அவருடைய கடிகாரத்தில் சுமார் 66 நொடிக்கு மேல் மிஞ்சாது.

மகளிடம் இதைச் சொல். கேட்டுவிட்டு இன்னும் என்ன கேட்கிறாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்

பி.கு: யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் அழுத்திச் சொல். கரையில் நின்றபடி கயிறு வீசலாம். ஆனால் கயிற்றை இடுப்பிலோ கையிலோ கட்டிக்கொள்ளக் கூடாது. பிடிப்பவர் மல்லாந்த நிலையில் கயிற்றைத் தோள்மேல் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டால் முகம் நீருக்கு மேலே இருக்கும்.