மறைக்கும் கையை விலக்கச் சொல்லாதீர்கள்

யாங்கூனில் நம் கோயில் வளாகத்தில் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கும், அங்கே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வருகிற பொங்கல் விழாவில் ஓவியப் போட்டி வைத்து மூன்று பரிசுகள் வழங்குவதென்றும், அதில் நம் பள்ளியின் பெயரை நிலைநாட்ட ஒரு குறிப்பிட்ட மாணவனைக் கட்டாயம் கலந்துகொள்ளச் செய்ய வேண்டுமென்றும் குழு முடிவு செய்திருப்பதாக அறிந்தேன். அந்த முடிவை மாற்றும்படி கேட்டுக்கொள்ளவே, ஓவிய வகுப்பின் ஆசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இப்படி ஒரு மடல் எழுதலாமா என்று அந்த மாணவனிடமே கேட்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் தாளைக் கொடுத்தால் இடது முழங்கையைச் சுவர்போல் வைத்து மறைத்துக்கொண்டுதான் வரைவான். நான் அருகே போனால் தாள் மடிந்து பைக்குள் போய்விடும். ஆனால் அப்பாவின் பலசரக்குக் கடையில் பழைய பில் புத்தகங்களின் பின்பக்கம் முழுவதும் அவன் படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. முகத்தில் பூசும் சாந்துக்காக அவன் பாட்டி ‘தனக்கா’ என்னும் மரக்கட்டையைக் கல்லில் தேய்க்கும் இரண்டு கைகள் மட்டும் அதில் இருந்தன. வலது கையின் விரல் முட்டிகளில் அழுத்தம் ஏறியிருந்தது, இடது கை கல்லை அசையவிடாமல் பிடித்திருந்தது, கல்லின் விளிம்பை ஒட்டி ஓடும் பள்ளத்தில் இறங்கும் நீரைக்கூட அவன் விடவில்லை. முகம் இல்லாமலே அது வயதான ஒரு பெண்ணின் கை என்று தெரிந்தது. இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மகிழ்ச்சி தாங்காமல் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, "பாருங்கள், இப்படி வரைய வேண்டும்" என்று வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் காது சிவக்கத் தலைகுனிந்தான். அடுத்து, சென்ற ஆண்டு விழாவில் அவனைக் கேளாமலே ஒலிபெருக்கியில் அவன் பெயரை அழைத்தார்கள், அவன் மேடைக்கு வர மறுத்தான், கூட்டத்தின் நடுவிலேயே அப்பாவிடம் திட்டு வாங்கினான். அதன் பிறகு பல வாரங்கள் வகுப்புக்கே வரவில்லை. தமிழ் எழுதப் படிக்கும் நேரமும் அவனுக்கு அதோடு போயிற்று. அந்த இழப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எண்ணிவிடக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வட்டமும் நான்கு கோடுகளும் போட்டு "அம்மா" என்று தயங்காமல் நீட்டும். ஒன்பது, பத்து வயதைத் தாண்டும்போது கண் கூர்மையடைந்து விடுகிறது, கை அந்த அளவுக்குப் பழகியிருப்பதில்லை, தான் வரைந்ததும் எதிரே இருப்பதும் ஒன்றுபோல் இல்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது. அந்த வயதில்தான் பலர் பென்சிலைக் கீழே வைக்கிறார்கள். கண் எவ்வளவு நன்றாகப் பார்க்கிறதோ அவ்வளவு குறை தெரியும். ஆகவே, நன்றாக வரையும் பிள்ளையே மற்றவர்களைவிட அதிகமாக மறைப்பதில் எனக்கு வியப்பில்லை.

பரிசு ஊக்கம் தரும் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இயல்பாகவே வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. அவர்கள் நம் பையனைவிட மிகச் சிறியவர்கள்தாம், ஆயினும் நான் வகுப்பில் காண்பதும் இதுவே.

அவன் திரும்பி வந்த பிறகு நான் முறையை மாற்றிக்கொண்டேன். வகுப்பின் நடுவில் ஒரு நசுங்கிய தேநீர்க் கெண்டியை வைத்து, தாளைப் பார்க்காமல் கெண்டியை மட்டும் பார்த்துக்கொண்டே, பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் அதன் ஓரத்தைப் பின்தொடரச் சொல்கிறேன். யாருடைய கோடும் நேராக வராது, எல்லோருடையதும் கோணலாகத்தான் இருக்கும், ஆகவே மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லாமல் போகிறது. "அருமை" என்ற சொல்லை அவனிடம் நான் இப்போது சொல்வதில்லை. "இந்தக் கைப்பிடி சேருமிடத்தில் ஏன் கோட்டை அழுத்தினாய்?" என்று கேட்கிறேன். முதலில் பதில் வரவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு, "அங்கேதான் கனம் நிற்கிறது, சார்" என்றான். போன மாதம் ஒரு நாள் தாளை மடிக்காமல் பெஞ்சிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஓவியம் சோறு போடாது என்ற அவன் அப்பாவின் கவலையில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அவனை ஓவியனாக்குங்கள் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் பில் தாளில் வரைவது வெறும் கிறுக்கல் என்று மட்டும் சொல்ல வேண்டாம். இந்நாட்டின் நவீன ஓவியத்தில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படும் ஆங் சோ, 1951இல் சாந்திநிகேதன் சென்று பயின்று வந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதி பத்திரிகைப் பக்கங்களுக்கே படம் வரைந்தார். தம் கடைசிக் காலத்தில் சாதாரணத் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் அவருக்குப் போதுமாக இருந்தன.

ஆகவே விழாவில் போட்டிக்குப் பதிலாக எல்லாப் பிள்ளைகளின் படங்களையும் மண்டபத்தின் சுற்றுச்சுவரில் பெயரும் தரவரிசையும் இன்றி வைக்க அனுமதியுங்கள். வைக்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். பரிசுக்கென ஒதுக்கிய பணத்தில் 2பி, 4பி பென்சில்களும் தாளும் வாங்கினால் ஆண்டு முழுவதும் வரும். பெற்றோர்களே, வீட்டுக்கு வரும் உறவினர் முன் "ஒரு படம் வரைந்து காட்டு" என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

இது குறித்துப் பேசக் குழு கூடும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் நேரில் வருகிறேன். அவன் படம் எதையும் கையில் எடுத்து வரமாட்டேன், அதற்கு அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்