6 மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்களின் முகத்தில் முடி வளர்வது பற்றிய கட்டுரையில் லேசர்தான் நிறைய இருந்தது. மருந்துகளையும் சொல்லியிருக்க வேண்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் என் மகளுக்குத் தாடையில் முடி. மருத்துவர் முதலில் எழுதியது கருத்தடை மாத்திரை. இது எதற்கு இவளுக்கு என்று வீட்டில் பதறினோம். ஆண் ஹார்மோனைக் குறைக்கத்தானாம். அப்புறம் ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தார். இரத்த அழுத்தத்துக்கும் தரும் மருந்துதான். ஆனால் கருவிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், அதைச் சாப்பிடும்போது கருத்தரிக்கவே கூடாது. தானாகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல இது!

பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். தடித்த பழைய முடி உடனே போகாது, புதிதாக வருவது மெலியும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால், பெண்கள் இரண்டே மாதத்தில் மனம் வெறுத்து நிறுத்த மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்