மாலைக் கட்டம் காலி: நம் லாயத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், ஆயாமார் எல்லாருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் ஹில்கிரெஸ்ட் பக்கத்து நம் குதிரை லாயத்தில் பிள்ளைகளை டிரெஸ்ஸாஜ் (குதிரையை அடியெடுத்து நடத்திக் காட்டும் போட்டிக் கலை) பழக விட்டிருக்கும் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை மாலை ஆறு மணி வரை திரும்ப வைத்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகக் குழுவுக்கு ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதியாயிற்று. கவனத்தில் எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. சரி, அவர்களை விடுங்கள். வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் 14 ஓட்டில் 8 ஓட்டு நம் வீட்டு ஓட்டு. அந்த ஆட்களின் நேரத்தைக் குறைத்த தீர்மானமும் நம் கையால்தான் நிறைவேறியது. அதனால் நமக்குள் பேசவேண்டியதை நம் பாஷையிலேயே பேசிவிடலாம். தமிழ் படிக்க வராத இளசுகளுக்கு வீட்டில் ஆயா யாராவது படித்துக் காட்டுங்கள்.

போன அக்டோபர், புரட்டாசி விரதம் முடிந்த வாரம், நேரத்தைக் குறைத்த அந்தக் கூட்டம் நடந்தது. வைக்கோல் விலை, தீவன விலை, மரத்தூள் விலை என்று கணக்கு வாசித்தார்கள். மாலை 6 மணி வரை இருந்த ஆட்களை 4 மணிக்கே அனுப்பிவிட்டால் ஓவர்டைம் மிச்சம் என்றார்கள். நானும் கை தூக்கினேன். மிச்ச வேலையைப் பெற்றோர் முறைவைத்துச் செய்வதென்று ஓர் அட்டவணை போட்டு, லேமினேஷன் செய்து, சேண அறைக் கதவில் மாட்டினோம். அது இன்றைக்கும் பளபளவென்று தொங்குகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிப்ரவரியிலிருந்து மே வரை இங்கே குதிரைகளுக்குக் கெட்ட காலம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் ஒரு குதிரையிலிருந்து இன்னொரு குதிரைக்கு நேராக ஒட்டாது. மிட்ஜ் என்கிற எள்ளளவு பூச்சி கடித்துத்தான் பரவும். அந்தப் பூச்சி பொழுது சாயும்போது கிளம்பி, விடியும்வரை திரியும். சாணி கலந்த ஈர மண்ணில் பெருகும். காற்று வீசினால் அதற்குப் பறக்க வராது, கூரைக்குள் நுழையவும் அவ்வளவாக விரும்பாது. அதனால்தான் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குதிரைகளை உள்ளே கட்டி, சன்னலுக்கு வலை போட்டு, மின்விசிறியைச் சுழல விடச் சொல்கிறார்கள். இந்த நாட்டுக்கு இது புது வியாதியும் இல்லை. கேப் பகுதியில் 1719-லேயே 1,700 குதிரைகளை வாரிக்கொண்டு போயிற்று. 1854-55-ல் மாண்டவை ஏறக்குறைய 70,000.

தடுப்பூசிதான் போட்டாயிற்றே என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். போட்டோம். ஜூன் 1-க்கும் அக்டோபர் 31-க்கும் நடுவில், இரண்டு தவணையாக, சட்டப்படி. ஆனால் இந்த வைரஸில் ஒன்பது வகை உண்டு. நம் ஊசி மருந்தில் இருப்பது ஏழு. ஊசி போட்ட குதிரைக்கும் நோய் வரலாம், வருகிறது.

இனி அந்தக் கரும்பலகைக்கு வருகிறேன். தீவன அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறதே, அதுதான். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் பாபா அங்கே வேலைக்கு வந்த நாளிலிருந்து பிப்ரவரி பிறந்தால் அதில் கோடு போட்டுவிடுவார். இடப்பக்கம் குதிரைகளின் பெயர். பக்கத்தில் காலை, மாலை என்று இரண்டு கட்டம். தினமும் இரு வேளை ஒவ்வொரு குதிரையின் வாலையும் தூக்கி, தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பார்த்து எழுதுவார். 37.5-லிருந்து 38.5 வரை இருந்தால் வெள்ளைச் சாக்பீஸ், அதற்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பில் எழுதிய கையோடு கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிடுவார், யாரையும் கேட்கமாட்டார்.

நாலு மணிக்கு அவர் போக ஆரம்பித்த பிறகு மாலைக் கட்டத்தில் எழுத ஆளில்லை. அட்டவணையில் அந்த வேலைக்கும் நம் பெயர்கள்தான் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மாலைப் பக்கத்தில் மொத்தம் பதினொரு எண் இருக்கிறது. நான் எண்ணினேன். அதில் என் கையெழுத்து இரண்டு.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நம் குதிரை பிஸ்கட்டுக்குச் செவ்வாய் காலை 37.9. மாலை, காலி. புதன் காலை 40.3.

நான் போனபோது எட்டரை மணி. பிஸ்கட் முன்காலை அகட்டி வைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. விலா இரண்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கின. பதினொரு மணிக்கு இரண்டு மூக்கிலிருந்தும் துணி துவைக்கிற சோப்பு நுரை போல வெள்ளையாக வழிய ஆரம்பித்தது. பாபா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க வந்தது. டன்கோப் என்று மட்டும் சொன்னார். நோய் நுரையீரலில் இறங்கினால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு அதுதான் பெயர். அந்த வகை வந்தால் நூற்றில் ஐந்து பிழைப்பதே அபூர்வம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அப்புறம் அரசாங்கக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொன்னது, மாதிரி எடுத்தது, நோய்தான் என்று உறுதியானது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

செவ்வாய் மாலை சூடு பார்த்திருந்தால் பிழைத்திருக்குமா? சொல்ல முடியாது. எந்த இரவில் எந்தப் பூச்சி கடித்தது என்பதையும் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் முறை என்னுடையது. மகளுக்குக் கணக்கு டியூஷன், நேரமாகிவிட்டது. வேறு யாராவது கட்டுவார்கள் என்று பிஸ்கட்டை மேய்ச்சல் வேலிக்குள் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். மறுநாள் காலையில் அது அங்கேயேதான் நின்றது. இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் டிரெஸ்ஸாஜ் கற்றது பிஸ்கட்டின் முதுகில். மைதானத்தைச் சுற்றி வைத்திருக்கும் ஆங்கில எழுத்துகளை மனப்பாடம் செய்ய அவர்கள் கட்டின பாட்டு ஞாபகம் இருக்கிறதா? 'ஆயா கொடுத்த எட்டு ஹல்வா, சின்ன மாமாவுக்கு போண்டா ஃப்ரை' என்று ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். நடுவில் எக்ஸ் இடத்தில் நின்று நடுவருக்கு வணக்கம் வைக்க வேண்டும். பிஸ்கட் எப்போதும் ஓர் அடி முன்னாலேயே நின்றுவிடும். பத்துக்கு ஐந்தரைக்கு மேல் அந்த இடத்தில் யாருக்கும் விழுந்ததில்லை. சீனாவின் ஹாங்சோவில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கின அன்று அதன் கழுத்தில் யாரோ சாமந்தி மாலை போட்டார்கள். பாதி மாலையை அது தின்றுவிட்டது.

பணத்துக்கு வருவோம். இரண்டு பேர், மாலை 4-லிருந்து 6 வரை, வாரத்தில் ஐந்து நாள். ஆளுக்கு வாரம் பத்து மணி நேரம், சட்டம் ஓவர்டைமுக்கு அனுமதிக்கிற உச்சம் அதுதான். சம்பளம் ஒன்றரை மடங்கு. ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் டாக்ஸி கிடைப்பது கஷ்டம், மெயின் ரோடு வரை இருட்டில் நடப்பதும் நல்லதில்லை. அதனால் வண்டிச் செலவும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஒரு குதிரைக்கு மாதம் 300 ராண்டைத் தாண்டாது. ஒரு ஜோடிப் போட்டிக் கையுறைக்கு நாம் யோசிக்காமல் கொடுக்கிற காசு.

'நேரத்தோடு வீட்டுக்குப் போவது அவர்களுக்கும் நல்லதுதானே' என்று நம்மில் ஒரு அக்கா சொன்னார். நான் பாபாவிடம் கேட்டேன். அந்த ஓவர்டைம் காசில்தான் பேத்திக்குப் பள்ளிக்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தாராம். நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கிறதாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்கிறதாம். நம் ஊர்க் குதிரைப் பழமொழிதான். ரிப்பன் வாங்கும்போது போட்டோவுக்குச் சிரிக்கிற நாம் செலவு என்றதும் எப்படியிருந்தோம் என்று பார்த்தால், குதிரையைச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவது ஒன்று. வகுப்பு நேரம் இன்னொன்று, இது உங்களுக்குப் பிடிக்காது. பிப்ரவரி முதல் மே வரை கடைசி வகுப்பு நாலு மணிக்கு முடிய வேண்டும். டியூஷனை மாற்றுங்கள். மாற்ற முடியாதவர்கள் சனிக்கிழமை காலை வாருங்கள், நானும் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். அந்தப் பளபள அட்டவணையை மட்டும் கழற்றிவிடலாம்.

கூட்டம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. நம் எட்டு ஓட்டும் ஒன்றாக விழுந்தால் தீர்மானம் நிறைவேறிவிடும். வரமுடியாதவர்கள் கையெழுத்திட்ட பதிலாள் சீட்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்தரை வரை கரும்பலகைப் பக்கம்தான் இருப்பேன். அன்றைக்கு முறை என்னுடையது.