சாந்திக்கு, அந்தச் சின்னப் பாட்டில்களைப் பற்றி

கோத்தகிரி,
ஜூலைக் கடைசி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கவிதா முழுகாமல் இருக்கிறாள் என்ற வரியைப் படித்ததுமே இவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நம் மடியில் கிடந்து வளர்ந்த பிள்ளை அம்மாவாகப் போகிறாள்! மசக்கை அதிகம் என்று எழுதியிருந்தாயே, இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாளா? இங்கே எல்லோரும் நலம். மழை விடுவதாக இல்லை, துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது. மாமியாருக்குக் குளிரில் முழங்கால் வலி கூடிவிட்டது. பெரியவன் கோயம்புத்தூருக்கே வேலை மாற்றிக்கொண்டான். அவனுக்கு அங்கே வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அவசரமான ஒன்று. போன முறை வந்தபோது ஊட்டிக் கடைத்தெருவில் வின்டர்கிரீன் தைலம் வாங்கிப் போனாய் அல்லவா, அதை அண்ணனுக்கு முட்டியில் தினம் தேய்த்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். இன்றோடு நிறுத்திவிடு. வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். வின்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதுமே மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் குடும்பம். தோல் வழியாக உள்ளே இறங்கி, அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி, ரத்தக் கசிவு வரை கொண்டுபோய்விடும். வெளியே தடவியதாலேயே இப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே எடுத்து, தைலம் தடவிய விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பல் துலக்கும்போது ரத்தம், காரணமில்லாமல் கன்றிப்போன இடம், கறுப்பாக மலம் என்று ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். அந்த பாட்டிலை எட்டாத உயரத்தில் வை. ஒரு டீஸ்பூன் வின்டர்கிரீன் தைலத்தில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு ஈடான மருந்து இருக்கிறது. ஒரு குழந்தை அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

இனி உன் முக எண்ணெய். நீ வீட்டில் கலப்பதும், தெருவில் நாலு பேர் கேட்டு வாங்கிப்போவதும் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பிள்ளைகள் வெளியே போன பிறகு உனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்று எத்தனை நாள் பேசியிருக்கிறோம். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷம் மருந்தகத்தில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: நீ அதில் கலக்கும் எசன்ஷியல் ஆயில்களை, அதாவது செடியிலிருந்து வடித்தெடுக்கும் இந்த வாசனைத் தைலங்களை, மருந்து என்றே நினைத்துக்கொள், சொட்டு எண்ணித்தான் கை வைக்க வேண்டும். ‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்’ என்று நீ எழுதிய வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

இங்கே தைலம் காய்ச்சுகிற கொட்டகையைப் பார்த்திருக்கிறாய். 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் மரம், இன்றைக்குக் கற்பூர மரம் என்று இந்த மலைக்கே சொந்தமாகிவிட்டது. உதிர்ந்த இலையைப் பெண்கள் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து கொட்டுவார்கள். பெரிய பானையில் அடைத்து, கீழே தீ மூட்டி, மணிக்கணக்கில் வேகவிட்டு, ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டு இறக்குவார்கள். நூறு கிலோ இலை போட்டால் ஒரு லிட்டரை ஒட்டித்தான் தைலம் வரும். கணக்குப் பார், ஒரு டீஸ்பூன் தைலம் என்றால் அரைக் கிலோ இலை. நம் பாட்டிகள் ஆவி பிடிக்கப் போட்டது ஒரு கைப்பிடி இலை. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பாட்டிலைச் சாய்க்கக் கூடாது, சாந்தி.

உன் கலவையையே எடுத்துக்கொள். 30 மில்லி பாதாம் எண்ணெயில் எலுமிச்சை 10 சொட்டு, டீ ட்ரீ (தேயிலை இல்லை, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலைத் தைலம்) 10, லாவண்டர் 10. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 30 மில்லி என்பது 600 சொட்டு. நீ போடும் 30 சொட்டு ஐந்து சதவீதம். கழுவாமல் முகத்திலேயே தங்குகிற எண்ணெய்க்கு ஒரு சதவீதம் போதும். மூன்று எண்ணெயும் சேர்த்து 6 சொட்டு. கை காலுக்குத் தடவுவதென்றால் இரண்டு சதவீதம், 12 சொட்டு வரை போகலாம். வாசனை குறைந்துவிட்டது என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

அதில் எலுமிச்சையை முழுவதுமாக எடுத்துவிடு. பழத்தோலைப் பிழிந்தெடுக்கும் எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் போன்ற எண்ணெய்களில் பெர்கப்டென் என்ற பொருள் உண்டு. தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி சிவந்து கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் போகாத கறுப்புத் திட்டாக நின்றுவிடும். எலுமிச்சம்பழம் பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் நின்றவர்களுக்கும் இதே கொப்புளம் வருவதுண்டு. வாசனைப் பொருள் தொழிலுக்கான சர்வதேச அமைப்பு, வெயில் படும் தோலில் தங்குகிற பொருட்களில் பெர்கமாட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறது. மங்கு போக வேண்டும் என்று உன்னிடம் வாங்கிப் பூசிக்கொண்டு மதுரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கு மங்கு கூடினால் உனக்கு மனசு ஆறுமா?

டீ ட்ரீயைப் பற்றி நல்லதாகவே சொல்லலாம். 1990-இல் ஆஸ்திரேலியாவில் முகப்பருக்காரர்களிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும், நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் பென்சாயில் பெராக்சைடையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. பரு உள்ள இடத்தில் மட்டும் வைக்கிற பொருளுக்கு அந்த அளவு சரி, முகம் முழுக்கப் பூசுவதற்கு வேண்டாம். பாட்டில் பழசாகிவிட்டால் தொடவே தொடாதே. காற்றும் வெளிச்சமும் பட்டு இந்த எண்ணெய்கள் மாறிப்போகும். அப்படி மாறிய டீ ட்ரீயும் லாவண்டரும்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. திறந்த தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டு, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வை, ஒரு வருஷம் ஆனதும் தூக்கிப் போட்டுவிடு.

லாவண்டரை மட்டும் கலக்காமல் அப்படியே பூசலாம் என்று உனக்கு விற்றவர் சொன்னாராம், பிரெஞ்சுக்காரர் ஒருவர் கை வெந்தபோது லாவண்டருக்குள் கையை விட்டுக் குணமானாராம். அந்தக் கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கத்ஃபோசே என்ற அந்த வேதியியலாளருக்கு 1910-இல் ஆய்வுக்கூடத்தில் தீ விபத்து நேர்ந்தது உண்மை. காயம் அழுகத் தொடங்கியபோது லாவண்டரால் கழுவியதாகத்தான் அவரே எழுதியிருக்கிறார். உயிர் போகிற நிலையில் ஒருவர் செய்ததைப் பார்த்து நாம் தினம் இரவில் கன்னத்தில் தேய்க்கலாமா? ஒவ்வாமை ஒரு தடவை பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. பிறகு அதே வாசனைப் பொருள் சோப்பில், ஷாம்பூவில், துணிக்குப் போடும் கண்டிஷனரில் இருந்தாலும் தோல் தடிக்கும்.

மல்லிகை எசன்ஷியல் ஆயில் 10 மில்லி 150 ரூபாய்க்குக் கிடைத்தது என்றாயே, அது மல்லிகையாக இருக்க வழியில்லை. மல்லிகையை யூகலிப்டஸ் மாதிரி ஆவியில் வடிக்க முடியாது, சூட்டில் மணம் போய்விடும். சத்தியமங்கலம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊற வைத்து எடுக்கிறார்கள். முன்னூறு, நானூறு கிலோ பூவுக்கு ஒரு கிலோ மெழுகு மாதிரியான சாரம் வரும், அதையும் சுத்தம் செய்தால்தான் கடைசிச் சரக்கு. பூ மார்க்கெட் விலை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், நீயே பெருக்கிப் பார். உன் பாட்டிலில் இருப்பது செயற்கை வாசனை. சாமி அறையில் வைத்துக்கொள், முகத்துக்கு வேண்டாம். இனி வாங்கும்போது செடியின் தாவரவியல் பெயர், எந்த முறையில் எடுத்தது, பேட்ச் எண் மூன்றும் லேபிளில் இருக்கிறதா என்று பார். ‘தெரபியூடிக் கிரேடு’, அதாவது மருத்துவத் தரம், என்று போட்டிருந்தால் அதற்கு மரியாதை கொடுக்காதே. அப்படித் தரம் பிரித்துச் சான்று தரும் அரசு அமைப்பு எதுவும் கிடையாது, விற்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் பட்டம்.

யாருக்குக் கொடுத்தாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல். எரிந்தால் தண்ணீர் ஊற்றியதும் போய்விடாது, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட வேண்டும். குளிக்கிற வாளியில் சொட்டு விடுவதும் வேண்டாம், அப்படியே மேலே மிதந்து உடம்பில் ஒட்டும். உன் வீட்டுப் பூனை இருக்கிற அறையில், தைலத்தைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசர் வைக்காதே. டீ ட்ரீயைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை.

இப்போது கவிதா. குமட்டலுக்கு எலுமிச்சைத் தோலைக் கிள்ளி முகர்ந்து பார்க்கட்டும், நல்லதுதான். எந்த எண்ணெயையும் உள்ளுக்குக் கொடுக்காதே; தடவுவதென்றாலும் அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். கற்பூரம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கே போகும்.

குழந்தை பிறந்த பிறகுதான் எனக்கு அதிகக் கவலை. சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தடவுவது உங்கள் வீட்டில் வழக்கம், சம்பந்தி வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவார்கள், கைக்குட்டையில் யூகலிப்டஸ் நனைத்துத் தலைமாட்டில் வைப்பார்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் ஏறும். வலிப்பு வரவைக்கும். ஒரு கிராம் வயிற்றுக்குள் போனாலே சின்னக் குழந்தையின் உயிர் போகலாம். தடவும் மருந்துகளில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்று அமெரிக்காவில் 1983-லேயே விதி போட்டார்கள். பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் சிலர், கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த தைலங்களைப் பூசி, முகர்ந்து வலிப்பு வந்த பெரியவர்களையே கவனித்து எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கே இப்படி என்றால் கைக்குழந்தைக்கு எதற்கு அந்தச் சோதனை? வேலையில் இருந்தபோது இப்படி வலிப்போடு தூக்கி வந்த பச்சைக் குழந்தையைப் பார்த்திருக்கிறேன். பிழைத்துவிட்டது. ஆனால் ‘நல்லதுக்குத்தானே தடவினேன்’ என்று அந்தப் பாட்டி திரும்பத் திரும்பச் சொல்லி அழுததை என்னால் மறக்க முடியவில்லை. உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக் கூடாது.

இரண்டு வயது வரை கற்பூரமோ மெந்தாலோ யூகலிப்டஸோ எதுவுமே வேண்டாம். மூக்கு அடைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு, நிமிர்த்தி வைத்துத் தாய்ப்பால், மூச்சு வாங்கினால் டாக்டர். உடம்பு பிடித்துவிட வெறும் தேங்காய் எண்ணெய். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கொதிக்கிற பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்காதே, கவிழ்த்துக்கொண்டு வெந்துபோகிற குழந்தைகள் அதிகம். தப்பித் தவறி எந்தக் குழந்தையாவது தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சம்பந்தி அம்மாவிடம் இதை நீ எப்படிச் சொல்வாயோ தெரியாது, சங்கடம்தான். வேண்டுமானால் என் பெயரைச் சொல், இல்லை வளைகாப்புக்கு வரும்போது நானே பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன். தேதி குறித்ததும் எழுது, இவருக்கு முன்கூட்டியே சொன்னால்தான் டிக்கெட் போடுவார். அதற்குள் உன்னிடம் உள்ள பாட்டில்கள் எல்லாவற்றின் லேபிளிலும் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு, எதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். ஐ.என்.ஆர் எவ்வளவு வந்தது என்று மட்டும் கடிதத்துக்குக் காத்திராமல் போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
விஜயா