படத்துக்குக் கீழ பேர் வராதவங்களுக்கு

நம்ம கிளப் மக்களுக்கும், கண்காட்சிக்கு வந்து பாத்தவங்களுக்கும் வணக்கம்.

கண்காட்சி முடிஞ்சு சுவரெல்லாம் காலியாயிடுச்சு, பேனரைச் சுருட்டி வச்சாச்சு, முதுகு வலி மட்டும் இன்னும் போகல. இப்பவே எழுதலன்னா அடுத்த போட்டோவாக் (கேமராவோட கூட்டமா நடந்துபோய் படம் எடுக்கறது), அடுத்த போட்டின்னு ஓட ஆரம்பிச்சிருவோம், இது அப்படியே நின்னுடும். படம் எடுத்தவங்களுக்கு பாராட்டு நிறையவே வந்தாச்சு, படத்துக்குக் கீழ பேரும் போட்டாச்சு, கெஸ்ட் புக்ல எழுதினவங்களும் அவங்களைப் பத்திதான் எழுதியிருக்காங்க, அதுல தப்பே இல்ல. நான் சொல்ல வந்தது மத்தவங்களைப் பத்தி. ஒரு போட்டோகிராஃபி கிளப்புல போட்டோ எடுக்கறதைத் தவிர எவ்வளவு வேலை இருக்குன்னு செயலாளர் பொறுப்புக்கு வந்தப்புறம்தான் தெரியுது. யார் பேரையும் இங்க போடல, ஏன்னா கேட்டப்ப பாதிப் பேர் "ஐயோ பேரெல்லாம் வேணாம்ப்பா"ன்னுட்டாங்க, மீதிப் பாதிய மட்டும் போட்டா நல்லாருக்காது. படிக்கும்போது யார் யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

முதல் நன்றி, ப்ரிண்ட் வேலை மொத்தத்தையும் தலையில போட்டுக்கிட்ட அண்ணனுக்கு. ஸ்கிரீன்ல பாக்கறது வேற பேப்பர்ல பாக்கறது வேறன்னு அவர் எத்தனை தடவை சொன்னாலும் நாம கேக்கறதில்ல. ஸ்கிரீன் தானே வெளிச்சம் விடுது, பேப்பர் தன் மேல விழற வெளிச்சத்தை மட்டும்தான் திருப்பித் தருது, நாம என்னடான்னா பிரைட்னஸை முழுசா ஏத்தி வச்சுக்கிட்டு எடிட் பண்றோம், அங்க தெளிவா தெரிஞ்ச நிழல் பகுதியெல்லாம் ப்ரிண்ட்ல கரி அப்பின மாதிரி வருது, அப்புறம் பழி ப்ரிண்டர் மேல. அண்ணன் ஒவ்வொரு ஃபைலையும் கலரையும் வெளிச்சத்தையும் சரியா காட்டுற மாதிரி காலிப்ரேட் பண்ணின தன் மானிட்டர்ல திறந்து பாத்து, ஒரு சின்ன டெஸ்ட் ஸ்ட்ரிப் மட்டும் ப்ரிண்ட் போட்டு, அதை ஜன்னல் ஓரமா ஒரு தடவை, ஹால்ல போடப்போற அதே லைட்டுக்குக் கீழ ஒரு தடவை வச்சுப் பாத்துட்டு, படம் எடுத்தவருக்கு போன் போட்டு "நிழலைக் கொஞ்சம் தூக்கட்டுமா, உங்களுக்கு ஓகேவா"ன்னு கேப்பாரு. கேக்காம அடுத்தவங்க படத்துல கை வைக்கவே மாட்டாரு. இந்தப் பண்பு எத்தனை பேருக்கு இருக்கும்னு தெரியல.

ஃபைல் சைஸ் கதைய வேற சொல்லணும். 12-க்கு 18 இன்ச் ப்ரிண்ட்டை 300 பிபிஐ-ல, அதாவது இன்ச்சுக்கு 300 பிக்சல்னு, போடணும்னா 3600-க்கு 5400 பிக்சல் வேணும், அதாவது கிட்டத்தட்ட 19 மெகாபிக்சல். நம்ம ஆளுங்க மெசேஜ் ஆப்ல தட்டிவிட்ட படங்கள்ல பல படம் நீளப் பக்கம் 1600 பிக்சலா சுருங்கித்தான் வந்து சேந்துச்சு, அதை 18 இன்ச்சுக்கு இழுத்தா இன்ச்சுக்கு 90 பிக்சல்கூட தேறாது. "ஒரிஜினலை டாக்குமென்ட்டா அனுப்புங்க"ன்னு ஒவ்வொருத்தருக்கா கோவப்படாம எழுதினவரு அவருதான், நானா இருந்தா ரெண்டாவது ஆளுக்கே கடுப்பாயிருப்பேன். அதே சமயம் மொபைல் படம்னா ஒதுக்கித் தள்ளுறவரும் இல்ல. கிளப்புக்குப் புதுசா வந்த ஒரு அம்மா மொபைல்ல எடுத்த 12 மெகாபிக்சல் படத்தை 12-க்கு 16 இன்ச்ல போட்டுக் காமிச்சாரு, இன்ச்சுக்கு 250 பிக்சல், அது எந்தக் கேமரால எடுத்ததுன்னு ஹால்ல ஒருத்தரும் கேக்கல. "என்கிட்ட நல்ல கேமரா இல்லையே"ன்னு ஒதுங்கி நிக்கிறவங்க தயவுசெஞ்சு இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்தது படம் மாட்டின டீமுக்கு. வந்து பாத்துட்டுப் போனவங்களுக்கு படமெல்லாம் சுவர்ல தானா ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்திருக்கும், அப்படித் தெரிஞ்சதே அவங்க வேலையோட வெற்றிதான். எந்த சைஸ் படமா இருந்தாலும் அதோட நடுப்பகுதி தரையிலேருந்து 57 இன்ச்ல வரணும்னு முடிவு பண்ணி, ஒவ்வொரு ஃப்ரேமோட உயரத்துல பாதிய 57-ஓட கூட்டி, பின்னாடி இருக்கற கம்பிய விரலால மேல இழுத்துப் பிடிச்சா ஃப்ரேமோட மேல்விளிம்புக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளின்னு அளந்து அதைக் கழிச்சு, கொக்கி போடவேண்டிய இடத்தை மாஸ்கிங் டேப்ல குறிச்சாங்க. காலேஜ் படிக்கிற ரெண்டு தம்பிங்க ஸ்பிரிட் லெவலும் கையுமாவே சுத்துனாங்க. ஒரு பக்கச் சுவரை மட்டும் வேணும்னே தாழ்வா மாட்டுனது நம்ம மெம்பர் ஒருத்தங்க யோசனை, வீல்சேர்ல வர்றவங்களும் சின்னப் பசங்களும் எப்பவும் அண்ணாந்தே பாக்கணுமான்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி, அத்தனை வருஷமா எங்க யாருக்கும் தோணல பாருங்க. லைட்டை நேரா அடிக்காம சாய்ச்சு, சுமார் 30 டிகிரில வர்ற மாதிரி திருப்பித் திருப்பி வச்சு, கண்ணாடில நம்ம மூஞ்சி தெரியாதபடி பண்ணின எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் இங்கயே ஒரு கும்பிடு. அவர் கிளப் மெம்பரே கிடையாது, வேலைக்கு வந்தவரு, முடிச்சுட்டுப் போகாம நின்னு ஒவ்வொரு படமாப் பாத்தாரு.

மாசாமாசம் நடக்குற விமர்சனக் கூட்டத்தை நடத்துற அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்குக் கொஞ்சம் பயம்தான், இந்த மடலையே எடுத்து வச்சு எங்கெல்லாம் வெட்டணும்னு சொல்வாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி நம்ம கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். ஒருத்தர் படத்தைக் காட்டுவாரு, எல்லாரும் "சூப்பர் சார்"னு சொல்லுவோம், அடுத்தவர் காட்டுவாரு, மறுபடி "சூப்பர் சார்". சூப்பர் சாரால ஒருத்தர் படமும் வளந்ததா சரித்திரம் இல்ல. அக்கா வந்து ரெண்டே ரெண்டு விதி போட்டாங்க. படத்துக்கு நம்பர் மட்டும்தான், பேர் கிடையாது. எடுத்தவர் கடைசி வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது, "அன்னைக்கு மழை சார், அதான்"னு விளக்கம் சொல்ல விடமாட்டாங்க, படத்துல இல்லாத மழைய நாங்க எப்படிப் பாக்கறதுன்னு கேப்பாங்க.

அவங்க எப்பவும் பையில வச்சிருக்கற அந்த ரெண்டு கருப்பு அட்டை இருக்கே, எல் வடிவத்துல வெட்டினது, அதுதான் இந்தக் கிளப்போட நிஜமான வாத்தியார்னு நான் சொல்வேன். ஒரு தெருப் படம் வந்துச்சு, வலது ஓரத்துல பாதி சைக்கிள் சக்கரம் மட்டும் எட்டிப் பாக்குது, நாங்க எல்லாரும் ஒரே குரல்ல "அதை கிராப் பண்ணிடுங்க"ன்னோம். அக்கா அட்டைய வச்சு சக்கரத்தை மறைச்சுக் காமிச்சாங்க, படம் சட்டுனு நின்னுபோச்சு, நடந்து வர்ற ஆள் எங்க போறாருன்னே தெரியல. அட்டைய எடுத்தாங்க, மறுபடி நடக்க ஆரம்பிச்சாரு. வலப்பக்கத்த விட்டுட்டு மேல வானத்துல ரெண்டு விரல் அளவு மறைச்சாங்க, அவ்வளவுதான், சரியாயிடுச்சு. அந்தப் படம்தான் கண்காட்சில நுழைஞ்ச உடனே இருந்துச்சு. போட்டிக்கு வெளியிலேருந்து வந்த நடுவர்களுக்கும் நன்றி, ஃபைல்லேருந்து பேர், கேமரா விவரம் எல்லாத்தையும் நீக்கி நம்பர் போட்டுக் குடுத்தோம், அவங்களும் யாருதுன்னு ஒரு வார்த்தை துருவிக் கேக்கல.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள், 1839-ல அன்னைக்குத்தான் லூயி டாகர் கண்டுபிடிச்ச போட்டோ எடுக்கற முறைய பாரீஸ்ல எல்லாருக்கும் வெளிப்படையா விளக்கினாங்க. அந்த நாளுக்கு வழக்கமா எல்லாரும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டுட்டுப் போயிருவோம். நம்ம கெமிஸ்ட்ரி மேடம்தான் பசங்களுக்கு சயனோடைப், அதாவது வெயில்லயே நீலக் கலர் படம் எடுக்கறது, கத்துக்குடுக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. 1842-ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச முறை, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல்பாசிய எல்லாம் இப்படிப் பதிவு பண்ணி புத்தகமாப் போட ஆரம்பிச்சுட்டாங்க, கேமராவே வேணாம். ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் கரைசல், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசல், ரெண்டையும் சம அளவுல கலந்து மங்கின வெளிச்சத்துல பேப்பர்ல பிரஷ்ஷால பூசி இருட்டுல காய வைக்கணும். பேர்ல சயனைடு இருக்கேன்னு பதறின அப்பா அம்மாக்களுக்கு, அது இரும்போட இறுக்கமா கட்டிக்கிட்டிருக்கு, சும்மா பிரிஞ்சு வராது, ஆனா அமிலம் பக்கத்துல கொண்டுபோகக் கூடாது, கை க்ளவுஸ் கழட்டக் கூடாதுன்னு மேடம் நிதானமா புரிய வச்சாங்க. கரைசலை அவங்களும் இன்னொரு மெம்பரும் மட்டும்தான் தொட்டாங்க, பசங்க கைக்குப் போனது காய்ஞ்ச பேப்பர்தான்.

மஞ்சளும் பச்சையுமா இருந்த பேப்பர் மேல இலை, இறகு, சாவின்னு வச்சு கண்ணாடியால அழுத்தி வெயில்ல வச்சதும் கலர் மாறி சாம்பலாப் போச்சு, ஒரு குட்டிப் பையன் "கெட்டுப்போச்சு"ன்னு அழவே ஆரம்பிச்சுட்டான். தண்ணில போட்டதும் வெயில் படாத இடமெல்லாம் கழுவிப் போயி வெள்ளையா இலை, சுத்தி நீலம். அழுத அதே பையன் அடுத்து தன் கையவே வச்சு எடுக்கணும்னு வெயில்ல அசையாம உக்காந்திருந்தான், விரலெல்லாம் மங்கலாத்தான் வந்துச்சு, அவனுக்கு ரொம்பத் திருப்தி. அன்னைக்கு டப்பு டப்பா தண்ணி தூக்கினவங்க, பேப்பரை நிழல்ல கொடி கட்டித் தொங்க விட்டவங்க, எல்லாருக்கும் நன்றி.

ஃபிலிம் ஐயாவுக்குத் தனியா சொல்லணும், ஆனா அவருக்கு நன்றி சொன்னா புடிக்காது. அதனால அவங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக்கறேன். வீட்டுல இருக்கற குளியலறைய டார்க்ரூமா மாத்தி, படத்தை வெளிய கொண்டுவர்ற டெவலப்பர் கரைசலை 20 டிகிரி செல்சியஸ்ல வைக்கணும்னு ஐஸ் கட்டியத் தேடி ஃப்ரிட்ஜைக் குடைஞ்சு, படம் அழியாம நிக்க வைக்கிற ஃபிக்ஸர் கரைசலோட வாசனை துணியெல்லாம் ஏறி, நாலு பேர் செவப்பு விளக்குல நின்னு ட்ரேயவே மொறச்சுப் பாத்துட்டிருந்தா எந்த வீட்டுல பொறுத்துப்பாங்க சொல்லுங்க. அம்மா, உங்க பொறுமைலதான் நாங்க கத்துக்கறோம்.

அப்புறம், கேமராவுக்கு இந்தப் பக்கம் இல்லாம அந்தப் பக்கம் நின்னவங்க. போட்டோவாக் போறப்ப "எடுத்துக்கோங்க"ன்னு சிரிச்சவங்க, "வேணாம்"னு கை காட்டினவங்க, ரெண்டு பேருக்குமே நன்றி, வேணாம்னு சொன்னதையும் மரியாதையா சொன்னீங்க. கேட்டு எடுத்தா இயல்பு போயிரும்னு கிளப்புக்குள்ளயே ஒரு கட்சி இருக்கு, நான் அந்தக் கட்சி இல்ல. கூட்டத்தோட கூட்டமா ஒரு முகம் வந்தா அது வேற, முகம்தான் படமேன்னா கேக்கணும், குழந்தைன்னா கூட இருக்கற பெரியவங்களைக் கேக்கணும். எடுத்தப்புறம் கேட்டாலும் பரவால்ல, அழிச்சிருங்கன்னா அவங்க கண்ணு முன்னாடியே அழிக்கணும். நாலு பேருக்கு ப்ரிண்ட் கொண்டுபோய் குடுத்தப்ப அவங்க முதல்ல பாத்தது படத்தை இல்ல, பின்னாடி எங்க கையெழுத்து இருக்கான்னு. கையெழுத்து போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. இந்த வேலைய ஞாபகமா லிஸ்ட் போட்டு யாருக்கு எது போகணும்னு பாத்துக்கற, வாக்ல எப்பவும் கடைசி ஆளா நடந்து வர்ற, வழி தவறினவங்களைத் தேடிக் கூட்டிட்டு வர்ற தம்பிக்கு இந்த வருஷமாவது வரிசைல முன்னாடி நடக்க சான்ஸ் குடுப்போம்.

இன்னும் நிறைய பேர் இருக்காங்க, வேகமா சொல்லிடறேன். தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுக்கற தன் 70-200 எம்எம் லென்ஸை கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு தான் வெறும் 50 எம்எம் லென்ஸை மாட்டிக்கிட்டு சுத்துற அண்ணன். கணக்கு எழுதற அக்கா. ஹால் சாவிய வச்சுக்கிட்டு எங்களுக்காக லேட்டா வீட்டுக்குப் போன வாட்ச்மேன் ஐயா. கிளப் படங்களை மூணு பிரதி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற இடத்துலன்னு பிடிவாதமா பேக்கப் எடுக்கற தம்பி, போன மாசம் ஹார்ட் டிஸ்க் மண்டையப் போட்டப்ப ஒரு ஃபைல்கூட போகலன்னா அது அவனாலதான். லீவு நாள்லயும் எங்களை வெளிய விட்ட வீட்டுக்காரங்க எல்லாரும். யாராவது விட்டுப்போயிருந்தா கோச்சுக்காதீங்க, அடுத்த கூட்டத்துல நேர்ல கேளுங்க, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.

கடைசியா வேலை விஷயம். ப்ரிண்ட் வாங்காதவங்க அடுத்த விமர்சனக் கூட்டத்துல வாங்கிக்கோங்க, ரெண்டு ப்ரிண்ட்டை முகத்தோட முகம் ஒட்டி அடுக்காதீங்க, நடுவுல பட்டர் பேப்பர் வைங்க. ஹால்ல கிடைச்ச சாமான்: 77 எம்எம் லென்ஸ் கேப் ஒண்ணு, ஒரு குயிக் ரிலீஸ் ப்ளேட் (கேமராவை ட்ரைபாட்ல மாட்டுற தகடு), சார்ஜர் இல்லாத பேட்டரி, ஒரு குழந்தையோட செருப்பு ஒத்தை. செருப்பைத் தவிர மத்தது எல்லாமே தன்னோடதுதான்னு இதுவரைக்கும் மூணு பேர் சொல்லியிருக்கீங்க, ப்ரூஃபோட வாங்க.